அண்ணியின் கட்டைவிரல்

என் கத்தரிக்கோலால் யாராவது காகிதம் வெட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். விழுப்புரத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் துணியை மட்டும்தான் வெட்ட வேண்டும். ஒருநாள் காலையில் என் கணவர் அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன், அதுவும் கத்தரிக்கோலைப் பற்றித்தான்.

இந்தப் புத்தி தையல் மெஷினோடு நின்றிருந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு ரத்தக்காயம் குறைந்திருக்கும். நிற்கவில்லை. ஒருநாள் அவசரமாகத் தக்காளி நறுக்கினேன். கத்தி தோலில் இறங்காமல் வழுக்கியது. அழுத்தினேன். தக்காளி நசுங்கி, வாடிக்கையாளருக்குத் தைத்து முடித்து ஆணியில் மாட்டியிருந்த சந்தன நிற ஜாக்கெட்டின் மேல் போய்த் தெறித்தது. அந்த நிமிடம் என் வீட்டுக் கத்தியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. தையலில் கத்தரிக்கோலைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவள், அடுக்களையில் மூன்று வேளை எதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன்?

முதலில் செய்த தப்பு, மரக்கட்டையில் ஆறு கத்திகள் செருகி வைத்த ஒரு செட்டை வாங்கியது. அடுக்களையில் வைத்துப் பார்க்க அம்சமாக இருந்தது. ஆறில் ஒன்றுதான் வெட்டியது, அதுவும் நான்கு மாதம். இன்னொன்று எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை, நுனியில் இரட்டைக் கொம்பு வைத்திருந்தார்கள். என் கணவர் அதை முதுகு சொறிய எடுத்துக்கொண்டார்.

பட்ட பிறகு தெரிந்துகொண்டது இதுதான். வீட்டுக்கு இரண்டு கத்தி போதும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று, பூண்டுக்கும் மிளகாய்க்கும் சின்னதாக ஒன்று. கத்தியின் தகடு கைப்பிடிக்குள் பாதியில் நின்றுவிடக் கூடாது, கடைசிவரை ஓட வேண்டும். இல்லையென்றால் பூசணிக்காய்க்கு நடுவில் தகடு ஓரிடம், பிடி ஓரிடம் என்று ஆகிவிடும். முதுகு தடித்திருக்கலாம், வெட்டுகிற பக்கம் மெலிந்துகொண்டே வர வேண்டும். பிடியும் தகடும் சேருகிற இடத்தை ஒரு விரலில் தாங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். நான் பாத்திரக் கடையில் பதினோரு கத்திகளை இப்படி விரலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாக்கா, கத்தி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார்.

"பொண்ணு பாக்க இவ்ளோ நேரம் ஆவாதுங்க. என்னை பஜ்ஜி ஆறதுக்குள்ள பாத்துட்டு போயிட்டாங்க" என்றேன்.

வாங்குவது சுலபம், தீட்டுவதுதான் வேலை. கடையில் சாணைக்கல் ஒன்று வாங்கினேன், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். போனில் வீடியோ பார்த்து, முதல் வாரத்தில் ஒரு கத்தியை ரம்பமாக்கினேன். பிறகு கை பழகியது. கல்லைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கத்தியின் முதுகை இரண்டு ஒரு ரூபாய் நாணயம் அடுக்கிய உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் அடி முதல் நுனி வரை இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கத்தில் மயிரிழையாகப் பிசிறு எழும்பும். அது எழும்பினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். பக்கம் மாற்றி, நைஸ் பக்கத்தில் அதை வழித்தெடுத்து, கடைசியில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் மினுமினுப்பு இல்லாத வளையத்தில் நாலு இழுப்பு. அவ்வளவுதான். தக்காளி மேல் வைத்து அழுத்தாமல் இழுத்தால், தக்காளிக்கே தெரியாமல் இரண்டாகிவிடும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். கூரான கத்தியில் வெங்காயம் அவ்வளவாகக் கண்ணைக் கரிக்காது. மொண்ணைக் கத்தி வெங்காயத்தை நசுக்குவதால்தான் அத்தனை கண்ணீர்.

என் கணவர் மட்டும் இதையெல்லாம் ஏற்கவில்லை. வீட்டில் கூரான கத்தி இருப்பது பாம்பு வளர்ப்பது மாதிரி என்பது அவர் கட்சி. நான் தீட்டி வைத்த முதல் நாளே, பழைய பழக்கத்தில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஆப்பிளை அழுத்தி, ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டு தன் கட்சியை நிரூபித்தார். "அழுத்தாதீங்க, இழுங்க" என்று ஒரு மாதம் சொல்லிப் பழக்கினேன். மொண்ணைக் கத்தி பழகின கைக்குச் சொல்லாமல் கூர்க்கத்தியைக் கொடுக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தும் செய்தேன் என்பதுதான் இதில் என் குற்றம்.

செய்த இடம் திண்டிவனம். அங்கே என் கணவரின் அக்கா இருக்கிறார். கணவரின் அக்காவை நாங்கள் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணியின் கணவரை அண்ணன் என்போம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் சாப்பிட்டு முடித்தால் "ரைட்" என்றுதான் எழுந்திருப்பார்.

நாங்கள் இருக்கும் விழுப்புரத்து வீடு என் மாமனார் கட்டியது. அவரும் மாமியாரும் போன பிறகு, பிள்ளைகள் இருவருக்கும் பாத்தியதை. வீட்டுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் எனக்கு ஒரு கடை கட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. படுக்கையறைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மெஷினைப் போட்டு, வருகிறவர்களைக் கட்டிலில் உட்கார வைத்து அளவெடுத்து எனக்குச் சலித்துவிட்டது. வங்கியில் கடன் கேட்டோம். வீடு ஒரே ஆள் பேரில் இருந்தால் சுலபம் என்றார்கள். அதனால் அண்ணி தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கூடப்பிறந்தவள் ஒருநாள் பதிவு அலுவலகத்துக்கு வருவாள், விரல் வைப்பாள், பிறந்த வீட்டில் அவளுக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்து விருந்து போடுவார்கள். புதன்கிழமை நாள் குறித்தாயிற்று. பட்டுப்புடவை எடுத்து, ஜாக்கெட்டை என் கையாலேயே தைத்தேன். அளவு சரிபார்க்க, சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

ஜாக்கெட் அண்ணிக்கு அச்சாகப் பொருந்தியது. அதில் தலைக்கனம் ஏறிப் போயிருந்த எனக்கு, சமையலறைக்குள் நுழைந்ததும் அண்ணியின் கத்தி கண்ணில் பட்டது.

அது கத்தி என்று அண்ணி சொன்னதால் நம்பினேன். மற்றபடி ஒரு நீளமான ஸ்பூன். தீட்ட வேண்டும் என்று தோன்றும்போது கொல்லைப்படிக் கருங்கல்லில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சரட் சரட்டென்று இழுப்பார். அதற்குப் பிறகு அது இன்னும் மொண்ணையாகும். கட்டிங் போர்டு என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. அண்ணி கத்திரிக்காயை இடது கையில் ஏந்தி, வலது கையால் கத்தியை ஒரே அழுத்தாக அழுத்துவார். காய் பிளந்து, கத்தி அவருடைய இடது கட்டைவிரலில் வந்து முட்டி நிற்கும். கட்டைவிரல்தான் போர்டு.

எனக்குப் பல் கூசியது. "அண்ணி, விரலு பட்டுடப் போவுது" என்றேன்.

"இருவது வருசமா இப்டித்தான் அரிஞ்சிக்கினு இருக்கேன். இந்தக் கத்தி என் வெரல ஒண்ணுமே பண்ணாது. அதுக்கும் எனக்கும் ஒரு பழக்கம்" என்றார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணி படுத்தார். அண்ணனும் "ரைட்" சொல்லிவிட்டுச் சாய்ந்தார். நான் சமையலறையில் தனியாக அந்தக் கத்தியோடு இருந்தேன். என் பையில் சாணைக்கல் இருந்தது. ஊருக்குப் போகும்போது அதை எதற்கு எடுத்துப் போனேன் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். சிலர் எங்கே போனாலும் தலைவலித் தைலம் எடுத்துப் போவதில்லையா, அந்த மாதிரி.

ஒரு மணி நேரம் தேய்த்தேன். கருங்கல் போட்ட பள்ளங்களை எடுக்கவே அரை மணி ஆயிற்று. உள்ளே நல்ல இரும்புதான் இருந்தது. பிசிறு எழும்பியதை விரலில் தடவிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணி வீட்டுக் காபிக் கோப்பையைக் கவிழ்த்து மெருகேற்றினேன். செய்தித்தாள் ஓரத்தில் வைத்தேன். சத்தமில்லாமல் இறங்கியது. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து, அண்ணி எழுந்து வந்து பார்த்து அசந்துபோவார் என்று காத்திருந்தேன்.

அண்ணி எழுந்து வந்தார். தூக்கக் கலக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டே "எட்றி அந்தக் கத்திய, கொழம்பு வெக்கணும்" என்று கையை நீட்டினார். இந்த இடத்தில் இரண்டு தப்பு செய்தேன். கத்தியைக் கையோடு கையாகக் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சண்டை வரும் என்று எங்களில் குழந்தைக்கும் தெரியும். பெருமையில் அதை மறந்து அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டாவது, தீட்டியதைச் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தார். இருபது வருட அழுத்தத்தையும் கத்திரிக்காய் மேல் போட்டார். கத்தி காயைக் கவனிக்கவே இல்லை, நேரே கட்டைவிரலுக்குப் போய்விட்டது.

மூன்று தையல். டாக்டர் அம்மா போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னிடம் விட்டிருந்தால் இன்னும் நெருக்கமாகப் போட்டிருப்பேன். கட்டு முடித்து, பத்து நாள் இடது கையில் தண்ணீர் படக் கூடாது என்றார். அப்போதுதான் எனக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. பதிவு அலுவலகத்தில் மெஷினில் வைக்க வேண்டியது இடது கட்டைவிரல்.

பத்திரம் எழுதுகிறவருக்குப் போன் செய்தேன். "வேற விரல் வெக்கலாமான்னு ஆபீசுல கேட்டுத்தான் சொல்லணும். எதுக்குங்க பேஜாரு, ஆறட்டும், வேற நாள் பாத்துக்கலாம்" என்றார். அடுத்து என் கணவருக்குச் செய்தேன்.

"கத்திய தீட்டச் சொல்லி உன்ன யாரு கேட்டாங்க?" என்றார்.

அண்ணிக்குத் தீட்டியதில் கோபமே இல்லை. "தீட்டினதுல இன்னா ஆச்சி? கையில குட்த்தாளே, அதான்" என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணன் ஒரு படி மேலே போனார். "கையில குட்த்தா சண்ட வரும்னுதான் சொல்லுவாங்க. சண்ட இன்னும் வரலியே, ரத்தம் மட்டும்தான வந்துருக்குது. சண்ட பின்னாடி வண்டில வருது போல" என்றார்.

சமைக்க ஆள் வேண்டுமே. காயம் செய்தவளே தங்கினேன். விழுப்புரத்தில் ஜாக்கெட்டுகள் காத்திருந்தன. போனில் வாடிக்கையாளர்கள் கல்யாணத் தேதி சொல்லிப் பயமுறுத்தினார்கள். நான் திண்டிவனத்தில் கேப்பைக் களி கிளறினேன். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கட்டைவிரலை ஆண்டனா மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு உத்தரவு போட்டார். நான்கு நாளில் எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. ஒரு பலகை வாங்கி வந்தேன். கண்ணாடிப் பலகையும் எவர்சில்வர் பலகையும் கத்தியின் கூரைக் கொன்றுவிடும், மரம்தான் நல்லது என்றேன். விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு நறுக்கிக் காட்டினேன். அவர் உன்னிப்பாகப் பார்த்தார். ஐந்தாம் நாள் வலது கையால் கத்தியை வாங்கி, நான் பிடித்துக்கொண்ட முள்ளங்கியை இழுத்து அரிந்தார். வட்டம் ஒன்று தாள் மாதிரி விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "ஏண்டி, என் கத்திய தீட்டறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல அண்ணி. தப்புதான்."

"கேட்டுருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"மாட்டீங்க."

"உன் வூட்டுக்காரன் புதங்கெழம வான்னு போன் பண்ணான். பஸ்சு எத்தினி மணிக்குன்னு சொன்னான். ஆதார் கார்டு எடுத்துக்கினு வான்னு சொன்னான். அக்கா, உன் பங்க எனக்கு விட்டுத் தர்றியான்னு என்னைக்காவது கேட்டானா?"

நான் முள்ளங்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்ன வண்டி வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

"அந்த வூட்டுலதான் பொறந்தேன். எங்கப்பா செவுரு எழுப்பும்போது நான் தண்ணி ஊத்தியிருக்கேன். வெரலு வெக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். கட்டு போட்டாங்களே, அப்ப எனக்கு வலியே தெரியல, புதங்கெழம போவ வேணாமேன்னு நிம்மதியா இருந்துச்சி. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, எனக்கு மனசு இல்லைன்னு." முள்ளங்கி வட்டத்தைப் பலகையில் வைத்துவிட்டு, "உன் பொறந்த வூட்டுல, காணையில, நீயும் எழுதிக் குட்த்தியே. உன்ன கேட்டாங்களா?" என்றார்.

"பட்டுப்புடவ குட்த்தாங்க அண்ணி."

"அது குட்த்தது. கேட்டாங்களான்னேன்."

கேட்கவில்லை. காணையில் எங்கள் அப்பாவின் கரும்புக் கொல்லையில் என் பங்கை இரண்டு அண்ணன்களுக்கும் எழுதிக் கொடுத்த அன்று, நான் மெரூன் கலர் பட்டுப்புடவையின் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வடை நன்றாக இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை என்பதே திண்டிவனத்தில் முள்ளங்கி அரியும்போதுதான் உறைத்தது. எனக்கு அண்ணி மேல் கோபமும் வந்தது, அதை மறைப்பானேன். என் கடை போகிறதே என்ற கோபம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலேயே கிழவியாகப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதனால் கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று.

கொல்லைப்புறம் போய் என் கணவருக்குப் போன் செய்தேன். "கெளம்பி வாங்க. அக்காவ கேக்கணும்."

"இன்னா கேக்கணும்?"

"அதுதான் தெரியலன்னா பஸ்சுல வரும்போது யோசிச்சிக்கினு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார், ஒரு கிலோ ஆப்பிளோடு. அக்காவின் விரலை விசாரித்தார், மழையை விசாரித்தார், திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை என்ன விலை என்று விசாரித்தார். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "சும்மா குந்திக்கினு இருக்காம அந்த வெங்காயத்த அரிடா, ஜல்தி" என்றார்.

பலகையையும் கத்தியையும் கீழே வைத்தேன். எடுத்துக்கொண்டார். பழைய ஞாபகத்தில் தோள் பாரத்தைப் போடக் குனிந்தார். "அழுத்தாதீங்க, இழுங்க" என்றேன். இழுத்தார். ஒரு வெங்காயம் முடிந்தது. இரண்டாவதைப் பாதியாக்கிவிட்டு, பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"அக்கா, நான் உன்ன கேக்கவேயில்ல இல்ல?"

"இல்ல."

"அப்பா போனப்புறம் நீ எதுக்கும் மறுத்துப் பேசினதில்ல. அதான் கேக்கணும்னே தோணல. இப்ப கேக்கறேன். உனக்கு இன்னா வேணும்?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அண்ணன் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வெங்காயம் காரமோ?" என்றார்.

அந்தக் கத்தியைத் தீட்டியவள் நான். அதில் வெங்காயம் கரிக்காது.

"என் பேரு இருக்கட்டும்டா" என்றார் அண்ணி. "எனக்குக் காசு வேணாம், பாதி வூட்டுல வந்து ஒக்காந்துக்கவும் மாட்டேன். பேரு மட்டும் இருக்கட்டும். உன் பொண்டாட்டி கட கட்டட்டும். பேங்குல நானும் வந்து கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேரு இருந்தா கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான? ஆவட்டும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "ரைட்" என்றார் அண்ணன்.

லேட்டானது உண்மைதான். வங்கியில் புதிதாகப் பதினான்கு காகிதம் கேட்டார்கள். ஆனால் கடன் வந்தது. போன தை மாதம் கடை திறந்தோம். அண்ணி அந்தப் பட்டுப்புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். எழுதிக் கொடுக்காமலே புடவையை வைத்துக்கொண்ட முதல் நாத்தனார் அவராகத்தான் இருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் கட்டைவிரல் தழும்பைக் காட்டி, இது என் தம்பி பொண்டாட்டி தைத்த ஜாக்கெட், இது அவள் போட்ட வெட்டு என்று அறிமுகம் செய்தார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, புதுக் கடையில் தனியாக உட்கார்ந்து காணையில் இருக்கும் பெரிய அண்ணனுக்குப் போன் செய்தேன். கடை திறப்புக்கு வந்துவிட்டு அப்போதுதான் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

"அண்ணா, அன்னிக்கு கொல்லைய எழுதி வாங்கினீங்களே, என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"இன்னாம்மா, இத்தினி வருசம் கழிச்சி திடீர்னு?"

"சும்மாதான். உங்க வூட்டுக் கத்தி எப்டி இருக்குது?"

"அது எப்பவும் மொண்ணதான். ஏன்?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றேன். "கல்ல எடுத்துக்கினு வர்றேன். தீட்டித் தரட்டுமா? கேட்டுட்டுத்தான் செய்யணும்னு இப்ப ஒரு பழக்கம்."

"வாம்மா" என்றார். "வந்து கேளு."